லெட்சுமியின் குதிகால்

போன மாதம் என் பழைய தொழிற்சாலைப் பெண்கள் சிலர் என்னைப் பார்க்க இந்தக் கடலோர ஊருக்கு, கோல சிலாங்கூருக்கு, வந்தார்கள். ஓய்வு பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். இவர்கள் ஒரு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். அதற்குள் ஒரு காற்பந்துச் சப்பாத்து தானாகவே மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. வெள்ளை, ஓரத்தில் ஊதா. பெண்களின் காலுக்கென்றே அடியிலிருந்து வடிவமைத்தது என்று விளம்பரம் சொன்னது.

"பாத்தீங்களா ராஜிக்கா? லேடீஸ்க்குன்னே பண்ணிட்டாங்க லா. நாம இத்தன வருஷம் தச்சதெல்லாம் ஆம்பள காலுக்குத்தானாம்."

"அது நமக்குத் தெரியாதா என்ன?"

"அப்பறம் ஏன்க்கா யாரும் முன்னயே செய்யல?"

"செஞ்சோம்" என்றேன்.

 சமையலறை ஜன்னலுக்கு வெளியே கடல் வற்றிய சேறு பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரு கொக்கு ஒவ்வொரு காலாக எடுத்து, யோசித்து, வைத்தது. நான் அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் பேசும்போது நான் பெரும்பாலும் அவர்களுடைய கால்களைத்தான் பார்ப்பேன். தொழில் விட்டாலும் கண் விடவில்லை.

"கத எல்லாம் சொல்ல நேரமில்ல, பஸ்ஸு வந்துரும். எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன். என் மனம் ஓர் இடத்தில் நிற்காது. மன்னித்துக்கொண்டு கூடவே நடந்து வாருங்கள்.

*

நான் வேலைக்குச் சேர்ந்தபோது தோலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது மாட்டின் மேல் இருக்கும் என்பதுதான். கெர்லிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வீட்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறினால், ராசா ஊரைத் தாண்டி அந்தச் சப்பாத்துத் தொழிற்சாலையில் இறக்கிவிடுவார்கள். வெட்டும் பகுதி, தையல் பகுதி, பசைப் பகுதி. சில வருடங்கள் ஒரு பெருமழையைப் போலப் பெய்து வடிந்தன. எனக்கு மிஞ்சியது பசையின் வாசம் மட்டும்தான். சோற்றைப் பிசைந்தாலும் விரலில் அதுதான் மணக்கும்.

பிறகு ஒருநாள் என்னைச் சாம்பிள் ரூமுக்கு மாற்றினார்கள். ஒரு சப்பாத்து ஆயிரக்கணக்கில் பிறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு ஜோடியாகப் பிறக்கும் இடம் அது. வடக்குப் பார்த்த ஜன்னல். அதனால் வெயில் நேரே வராமல் நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம். உள்ளே போனால் மணி தெரியாது.

அந்த அறைக்குத் தலைவர் பொன்னம்பலம் சார். அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்தவர். சார் பிறந்தது ராசாவில் என்றாலும் பேச்சு மட்டும் கடல் கடந்த பேச்சாகவே இருந்தது. சட்டையின் மேல் பட்டன் வரை போட்டிருப்பார். ஒருநாளும் 'தப்பு' என்று சொல்லமாட்டார். நாம் செய்த சப்பாத்தில் குறை இருந்தால் அதை மேசையில் நம்மைப் பார்த்தபடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். அது நம்மைப் பார்க்கும். நாமும் அதைப் பார்ப்போம். அவர் திரும்பி வருவதற்குள் நமக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அவர் இன்னொரு தேநீர் குடிப்பார்.

சப்பாத்தைப் பரிசோதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விடுவார். வெளியே எப்படி இருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறை குறைவு. உள்ளே விரல்கள் ஒவ்வொரு மூலையாகப் போய்த் தட்டிக்கொண்டிருக்கும், வாடகைக்கு வீடு பார்க்கிறவரைப் போல.

அவர் ஓர் அலமாரி வைத்திருந்தார். அதில் பழைய காற்பந்துச் சப்பாத்துகள், எல்லாம் நீளவாக்கில் இரண்டாக அறுக்கப்பட்டவை. எங்கெங்கிருந்தோ சேர்த்து, அறுத்து, உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக வைத்திருந்தார். அவற்றின் மறுபாதிகள் ஏதோ ஒரு மைதானத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

"முதல் காற்பந்துச் சப்பாத்து எண்டு ஒண்டு கிடையாது, பிள்ளை" என்பார். "வேலைக்குப் போன சப்பாத்துத்தான் பின்னேரம் பந்துக்கும் போனது."

மேல் தட்டில் இருந்தவை கணுக்காலை மூடிய தடித்த தோல். அடியில் தோல் வில்லைகளை ஆணியடித்து வைத்திருப்பார்கள். ஆடஆட ஆணி மேலே எழும்பிக் காலைக் குத்தும். மழையில் நனைந்தால் தோல் தண்ணீரைக் குடித்துக் கல்லாகக் கனக்கும். அதற்குக் கீழ்த் தட்டில் கணுக்காலை விட்டு இறங்கிய இலேசான சப்பாத்துகள். அதற்கும் கீழே, அடியில் தரைக்கு ஏற்றபடி திருகி மாட்டும் குமிழ்கள், ஸ்டட் என்போம், வைத்தவை. பிறகு கங்காருத் தோல். பிறகு பந்தைச் சுழற்றுவதற்காக மேலே ரப்பர் வரிகள் ஓடியவை. நான் ஓய்வு பெறுவதற்குள் அந்த அலமாரிக்குப் பிளாஸ்டிக் வந்தது, பின்னல் துணி வந்தது, கயிறே இல்லாமல் காலுறையைப் போல இழுத்து மாட்டுவதும் வந்தது.

கடைசித் தட்டின் ஓரத்தில் நம் ஊர்க் கறுப்பு ரப்பர் சப்பாத்தும் இருந்தது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவது, மாலையில் பந்தடிக்கப் போவது. சார் அதையும் மரியாதையாக அறுத்துத்தான் வைத்திருந்தார்.

"ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால ஆரோ ஒருத்தருக்கு எங்கயோ நொந்திருக்கு" என்று அலமாரியைச் சாத்துவார். "நொந்தவர் சொல்லவேணும். சொன்னதை ஒருத்தர் கேக்கவேணும்."

*

லெட்சுமிக்கு நொந்தது குதிகாலில்.

அவள் தையல் பகுதியில் பின்தையல் போடுகிறவள். சப்பாத்தின் மேல்தோல் இடப்பாதியும் வலப்பாதியும் குதிகாலுக்குப் பின்னால் சேரும் இடத்தைத் தைப்பது அவள் வேலை. பகலெல்லாம் யார் யாருடைய குதிகாலுக்கோ தைத்துவிட்டு, மாலையில் அம்பாங் பெச்சா திடலில் பந்தாடுவாள். வலது ஓரத்தில் ஓடுகிறவள். அவள் ஓடும்போது தரைக்கும் அவளுக்கும் ஒரு சின்னப் பேச்சு மட்டும்தான் நடக்கும். கால் படுவது கேட்காது.

அவள் போட்டிருந்தது பையன்கள் அளவுச் சப்பாத்து. வேறு என்ன இருந்தது? முன்பக்கம் சரியாக இருந்தால் குதிகால் உள்ளே நீந்தும். குதிகாலுக்குச் சரியாக எடுத்தால் விரல்கள் மடங்கும். அவள் முன்பக்கத்துக்குச் சரியாக எடுத்து, பின்பக்கத்தில் துணிக்கிழிசல், வெட்டிப்போட்ட பஞ்சு என்று அடைத்துக்கொள்வாள். இரண்டாம் பாதி தொடங்கும்போது அடைத்ததெல்லாம் நனைந்து உருண்டுவிடும். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் ஏறி இறங்கும். தோல் உரியும். வெள்ளைக் காலுறையின் பின்பக்கம் சிவக்கத் தொடங்கும்போது கோச் கையைத் தூக்குவார். லெட்சுமி வெளியே வரவேண்டும்.

கோச் ஒரு மலாய்க்காரப் பெண். தானும் ஒரு காலத்தில் ஆடியவர், அதிகம் பேசாதவர். அந்த வருடம் நோன்பு மாதத்துக்கு முன்னால் கோல குபு பாரு மைதானத்தில் மாநிலப் பெண்கள் அணிக்குத் தேர்வு ஆட்டம் இருந்தது. அந்த அணியும் அவர் பொறுப்புதான். லெட்சுமியைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். பாதி ஆட்டக்காரி எனக்கு வேண்டாம். முழு ஆட்டமும் நிற்க முடிந்தால் உனக்கு இடம் உண்டு. இன்னொரு முறை ரத்தத்தோடு வெளியே வந்தால் அதோடு சரி.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் லெட்சுமி சாம்பிள் ரூம் கதவில் வந்து நின்றாள். ஒரு காலில் சிலிப்பர், மறு கால் தரையில் படாமல், கையில் அந்தச் சப்பாத்து.

"ராஜிக்கா, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க லா. இல்லாட்டி குதிகால வெட்டிப் போட்டுட்டு ஆடப் போறேன்."

"வெட்டுனா சைஸ் இன்னும் சின்னதாயிரும்டீ. அப்பறம் அதுக்கும் என்கிட்டத்தான் வருவ."

சார் அவளுடைய சப்பாத்தை வாங்கினார். கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டார். வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

"இது ஆருடைய கால்?"

"என் காலுதான் சார்."

"இல்லைப் பிள்ளை. உம்முடைய கால் உம்மட்டத்தான் இருக்கு. இதுக்குள்ள இருக்கிறது ஆருடைய கால் எண்டு கேக்கிறன்."

எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டையை எடுத்து வந்தார். கட்டை என்பது கால் வடிவில் செதுக்கிய மரம். அதன் மேல்தான் தோலை இழுத்துச் சப்பாத்து கட்டுவோம். கட்டை எப்படியோ அப்படித்தான் சப்பாத்தின் உள்பக்கம். எங்கள் கட்டைகள் எல்லாம் எங்கோ ஒரு குளிர்தேசத்து ஆணின் காலிலிருந்து வந்தவை. பெரிய அளவு வேண்டுமென்றால் அதே மனிதனைப் பெரிதாக்குவார்கள்; சின்ன அளவு வேண்டுமென்றால் அவனையே சின்னதாக்குவார்கள். லெட்சுமி இத்தனை நாள் சுருக்கப்பட்ட ஓர் ஆணுக்குள் காலை விட்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

"எவன் சார் அவன்?" என்றாள் லெட்சுமி, கட்டையைத் தட்டிப் பார்த்து. "ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே வாடக குடுத்திருப்பேன்ல?"

*

முதலில் டேப் வைத்து அளந்தோம். விரல் மூட்டுகளைச் சுற்றி, நடுப்பாதத்தைச் சுற்றி, குதிகாலிலிருந்து கணுக்காலின் மடிப்பு வரை சாய்வாகச் சுற்றி. ஒரு சின்னக் கட்டையின் பின்பக்கத்தைச் சார் அரம் போட்டுக் குறைத்தார். ஒரு ஜோடி கட்டிக் கொடுத்தோம். லெட்சுமி தொழிற்சாலை முற்றத்தில் லோரிகளுக்கு நடுவே ஓடிப் பார்த்தாள்.

"முன்னவிட தேவலாம். ஆனா குதிகாலு இன்னும் எந்திரிக்குது சார்."

சார் அந்த ஜோடியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். நானும் லெட்சுமியும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். டேப் சுற்றளவைச் சொல்கிறது, வளைவைச் சொல்லவில்லை. அதுவும் நிற்கிற காலின் சுற்றளவை. ஓடுகிற கால் வேறு ஒரு பிராணி.

சார் திரும்பி வந்தபோது லெட்சுமி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "என் வாழ்க்கையிலயே எனக்குச் சரியா இருந்த சப்பாத்து ஒன்னே ஒன்னுதான் சார். சின்னப் புள்ளையில லயத்துல ரப்பர் பால எடுத்துக் கால்ல பூசிக்கிட்டுப் பந்தாடுவோம்ல, அதுதான்."

நானும் சிரித்தேன். நானும் பூசியவள்தான். அப்பாவின் வாளியிலிருந்து ஒரு கை பாலை எடுத்துக் காலில் தடவி, வெயிலில் நீட்டி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. மஞ்சளும் சாம்பலுமாக ஒரு தோல் வரும். அதோடு கல்லிலும் ஓடலாம். கிழிகிற வரை ஆடிவிட்டு உரிப்போம். உரிக்கும்போது கால்மயிரும் சேர்ந்து வரும். லயமே கேட்க அலறுவோம்.

சார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பால் கிடைக்குமோ?"

*

அந்த ஞாயிற்றுக்கிழமையை இப்போது நினைத்தாலும் நான் அதைத் தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பது போலத்தான் இருக்கிறது. அம்பாங் பெச்சா திடல். முன்பு ஒரு காலத்தில் கோல குபு ஊர் இருந்து, அணை உடைந்து, வெள்ளம் கொண்டுபோன மண் அது. புல்லுக்கு அடியில் ஒரு தெரு இருக்கிறது என்பார்கள். வெயில் நனைந்த வெயிலாக இருந்தது.

லெட்சுமியின் அப்பா தன் மரங்களின் பாலை வாளியில் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று புகைத்தார். சுற்றுத் தோட்டங்கள் எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியும் அவர் தோட்டத்தில் மட்டும் கொஞ்சம் பால்மரம் மிச்சமிருந்தது. சார் இஸ்திரி போட்ட சிலுவார்க் கால்சட்டையோடு காரிலிருந்து இறங்கினார், கையில் சுண்ணாம்பு மாவு மூட்டை, கைகால் முறிந்தால் கட்டுப் போடுவார்களே, அந்த மாவு.

லெட்சுமி சாக்கில் உட்கார்ந்து வலது காலை நீட்டினாள். என் கைப்பையிலிருந்த முகப்பவுடரை முதலில் பூசினேன், உரிக்கும்போது வலிக்காமல் இருக்க. மேலே பிரஷால் பால். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பாலின் புளித்த வாசம் எங்களைச் சுற்றி நின்றது.

"ஓடும்" என்றார் சார். "திரும்பும். நில்லும். பந்தை உதையும்."

அவள் பால் தோலோடு ஓடினாள். வந்து உட்கார்ந்ததும் சார் மண்டியிட்டுப் பார்த்தார். விரல்களுக்குப் பின்னால் தோல் எங்கே மடிந்து சுருங்கியிருந்ததோ அங்கெல்லாம் பேனாவால் கோடு போட்டார். குதிகாலில் சுருக்கமே இல்லை. சின்னதாக, ஒடுக்கமாக, மாம்பிஞ்சின் அடியைப் போல இருந்தது. அவர் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

உரித்தோம். அந்த உறைக்குள் சுண்ணாம்பு மாவைக் கரைத்து ஊற்றினோம். ஊற்றஊற்ற அது உப்பியது. ரப்பர் அல்லவா? பாரம் தாங்காமல் எல்லாப் பக்கமும் பிதுங்கிப் பெரிய கொழுக்கட்டையாக நின்றது.

"சார், இது என் காலா, யானைக் காலா?"

சார் அதை எங்களைப் பார்த்தபடி சாக்கில் வைத்துவிட்டுத் தேநீர்க் கடையைத் தேடிப் போனார். லெட்சுமியின் அப்பா தூரத்திலிருந்து, "தோட்டத்து ஆளுங்களுக்குப் பால் இழுக்கும்னு தெரியாதா?" என்று சிரித்தார்.

திடலின் ஓரத்தில் கோல்கம்பம் நடுவதற்குக் கொட்டிய மணல் குவிந்திருந்தது. இன்னொரு முறை பவுடர் பூசி, பால் பூசிக் காய்ந்த காலோடு லெட்சுமி அதை நோக்கி நொண்டிப் போனாள். மணலில் காலை ஊன்றினாள். தட்டையாக அல்ல, ஓடப்போகிறவளைப் போலக் குதிகாலைத் தூக்கி.

"அக்கா, சுத்தி மண்ணப் போட்டு அமுக்குங்க. மண்ணு புடிச்சுக்கிட்டா பிதுங்காதுல்ல?"

ஈர மணலை அள்ளிக் கணுக்கால் வரை போட்டு இறுக்கினேன். அவள் காலை மெல்ல உருவினாள். கையுறையிலிருந்து கை வருவது போலக் கால் வந்தது. பால் தோல் மணலுக்குள்ளேயே நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு கால் இல்லாத இடம், அத்தனை துல்லியமாக.

சார் வந்தார். குனிந்து அந்தக் குழியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "மாவைக் கரையும், பிள்ளை" என்றார். 

*

சுண்ணாம்புக் காலைப் பார்த்து மரத்தில் கட்டை செதுக்கப்பட்டது, இடது காலுக்கு அதையே திருப்பி இன்னொன்று. சார் வேறு யாரையும் தொடவிடவில்லை. மேல்தோலை நான் வெட்டினேன். பின்தையலை லெட்சுமியே போட்டாள், இதுவரை அவள் எந்தச் சப்பாத்துக்கும் போடாத ஒரு வளைவில்.

கட்டையில் தோல் இழுப்பதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. உள்ளட்டையைக் கட்டையின் அடியில் ஆணியடித்துப் பிடிக்க வேண்டும். நனைத்த தோலை மேலே போர்த்த வேண்டும். குறடால் முதலில் விரல்முனையில் ஓர் இழுப்பு, பிறகு குதிகாலில், பிறகுதான் பக்கங்கள். வரிசை மாறினால் தோல் கோணிக்கொள்ளும், கோபித்துக்கொண்டவளின் வாய் போல. ரொம்ப இழுத்தால் செத்துவிடும். குறைவாக இழுத்தால் பின்னால் தளரும். சரியாக இழுக்கும்போது குறடு வழியாக ஒரு பதில் வரும், பட்டத்து நூலில் வருமே, அதுபோல. இழுத்த பிறகு நாள்கணக்கில் கட்டையிலேயே கிடக்க வேண்டும். தோல் தன் பழைய மாட்டை மறந்து புதிய காலைப் பழகிக்கொள்ளும் காலம் அது. பின் ஸ்டட்களைச் சார் இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி வைத்தார். ஒடுக்கமான குதிகாலுக்கு அகலமான ஸ்டட் வைத்தால் முட்டி தாங்காது என்றார். கடைசியில் கட்டையை உருவும்போது ஒரு சத்தம் வந்தது, யாரோ நீண்ட மூச்சு விட்டது போல.

தேர்வு ஆட்டத்தன்று மழை. லெட்சுமி முழு ஆட்டமும் நின்றாள். முடிந்ததும் கோச் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துக் காலுறையை இறக்கினார். சேறு இருந்தது, சிவப்பு இல்லை. கட்டைவிரலால் குதிகாலை அமுக்கிப் பார்த்தார். லெட்சுமி முகம் சுளிக்கவில்லை. கோச் தலையசைத்தார். அவ்வளவுதான். அந்தத் தலையசைப்புக்காக லெட்சுமி பஸ்ஸில் கெர்லிங் வரை அழுதுகொண்டே வந்தாள்.

அதே மாதிரியில் இன்னொரு ஜோடி கட்டிச் சார் மேனேஜருக்கு அனுப்பினார். பெண்கள் சப்பாத்து என்று ஒரு வரிசை தொடங்கலாம் என்றார். வாங்க ஆள் கிடையாது என்று திரும்பி வந்தது. சார் சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டு மறுபடி வேலையில் உட்கார்ந்தார்.

*

முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். முதல் ஆட்டத்துக்கு முந்தின வாரம் லெட்சுமி ஒரு பெட்டியோடு வந்தாள். மாநில அணிக்கு ஸ்பான்சர் கொடுத்த சப்பாத்து. பளபளவென்று, பக்கத்தில் அவர்களுடைய அடையாளத்தோடு. அணியில் எல்லோரும் அதைத்தான் போட வேண்டும், வேறு போட்டால் ஆட முடியாது.

 பெட்டியை மேசையில் வைத்தாள். சார் கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டார். அதே குளிர்தேசத்து ஆண்.

"பழைய மாதிரி பஞ்சு அடச்சுக்கிட்டு ஆடிர்றேன் சார்" என்றாள் லெட்சுமி. "எவ்ளோ நேரம் தாங்குதோ தாங்கட்டும்."

"முழு ஆட்டம் எண்டுதானே கோச் சொன்னவ?"

"அதான் சொன்னாங்க."

சார் அந்தச் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு விதி என்றால் பயம். தொழிற்சாலையில் நடைபாதைக் கோட்டைக்கூடத் தாண்டாதவர்.

"இதின்ர வெளிப்பக்கம் அவையளுடையது" என்றார் மெதுவாக. "அதில நாங்கள் கை வைக்கக் கூடாது. உள்பக்கம் உம்முடையதுதானே?"

சூடான காற்றை ஊதிப் பசையை இளக்கி அடியைத் தூக்கினேன். லெட்சுமி பின்தையலைப் பிரித்தாள், ஒவ்வொரு நூலாக, ஊசிமுனையால். மேல்தோல் இரண்டு சிறகாக விரிந்து படுத்தது. அடையாளம் இருந்த இடத்தைத் தொடாமல், குதிகால் பக்கம் மட்டும் உள்ளே பிடித்து அவளுடைய வளைவில் மறுபடி தைத்தாள். நனைத்தோம். அவளுடைய கட்டையின் மேல் போர்த்தி இழுத்தோம். அடியின் பின் ஓரத்தை மெல்லச் சீவிச் சக்கரத்தில் தேய்த்து ஒட்டினோம். எல்லாம் முடிந்ததும் சார் அதை எட்ட வைத்துப் பார்த்தார், முதல்முறையாக வெளிப்பக்கத்தை. ஸ்பான்சரின் பெட்டியில் இருந்தது போலவே இருந்தது.

ஆட்டத்துக்கு நானும் சாரும் போனோம். காலை மழையின் ஈரம் காயாத மேல் படியில் உட்கார்ந்தோம். பச்சைப் புல்லில் ஒரே மாதிரிச் சப்பாத்துகள் மினுங்கின. மீன் கூட்டத்தில் ஒரு மீனைத் தேடுவது போல லெட்சுமியின் காலைத் தேடவேண்டியிருந்தது. பிறகு அவள் ஓடினாள். தேடவே தேவையில்லாமல் போயிற்று. தரை அவளை வாங்கி வாங்கிக் கொடுத்தது. இரண்டாம் பாதி தொடங்கியது. சார் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவளுடைய காலுறையின் பின்பக்கத்தையே பார்த்தார். வெள்ளை. வெள்ளை. கோச்சின் கை ஒருமுறை மேலே போனது. நான் பாதி எழுந்துவிட்டேன். வெளியே வந்தது லெட்சுமி அல்ல, நடு ஆட்டக்காரி ஒருத்தி, நொண்டிக்கொண்டு.

விசில் ஊதினார்கள். யாருக்கும் வெற்றி இல்லை. லெட்சுமி கடைசி வரை நின்றிருந்தாள்.

கோச் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்களின் காலுறைகளை இறக்கிக்கொண்டே வந்தார். கோல்கீப்பருக்குச் சிவப்பு. அடுத்தவளுக்குச் சிவப்பு. நொண்டி வந்தவளுக்குச் சொல்ல வேண்டாம். லெட்சுமியிடம் வந்து நின்றார். குதிகாலைப் பார்த்தார். பிறகு அவள் கழற்றிய ஒரு சப்பாத்தை எடுத்து, பின்தையலின் மேல் விரலை ஓட்டினார். ஓடிய விரல் பாதியில் நின்றது. பக்கத்துப் பெண்ணின் சப்பாத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லெட்சுமியிடம் ஏதோ கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எங்கள் பக்கம் கையைக் காட்டினாள்.

"போச்சு சார்" என்றேன். "அவளத் தூக்கிருவாங்க."

சார் எழுந்து நின்றார். கோச் படியேறி வந்தார், கையில் அந்த ஒற்றைச் சப்பாத்து.

"இதைச் செய்தது நீங்களா?" என்று மலாயில் கேட்டார்.

"சப்பாத்து அவர்கள் செய்தது" என்றார் சார், அதே மொழியில், பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நேராக நின்றுகொண்டு. "குதிகால் மட்டும் அந்தப் பெண்ணுடையது."

கோச் சப்பாத்தைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். ஸ்பான்சரின் ஆட்கள் நின்றிருந்த பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வெளியே ஒன்றும் தெரியவில்லை" என்றார்.

"தெரியாது" என்றார் சார்.

கோச் கீழே திரும்பிக் குரல் கொடுத்தார். ஒரே சொல்தான்: கழற்றுங்கள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். நனைந்த புல்லின் மேல், வெறுங்காலோடு, ஆளுக்கொரு ஜோடியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, எங்களை நோக்கி வந்தார்கள். அகலமான கால், நீண்ட விரல் கால், வளைவே இல்லாத கால், எலும்பு துருத்திய கால். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. சார் கீழ்ப் படிக்கு இறங்கினார். கோல்கீப்பர் முதலில் வந்து நின்று, சப்பாத்தைச் சாரிடம் நீட்டினாள்.

சார் அதை வாங்கவில்லை. இஸ்திரி போட்ட சிலுவாரோடு ஈரப் படியில் மண்டியிட்டு உட்கார்ந்து, "முதல்ல காலைக் காட்டும்" என்றார்.